ஆற்றுச் சதுப்பில் வாழ்ந்தவர்கள்: ஈரமண் தொல்லியல் காட்டும் வாழ்க்கை

சதுப்பு நிலத்து மக்களைப் பற்றிய பழைய எழுத்துகள் பெரும்பாலும் மேட்டு நிலத்துக்காரர்கள் எழுதியவை. இங்கிலாந்தின் கிழக்கே ‘ஃபென்ஸ்’ என்றொரு பெரும் சதுப்பு இருந்தது. அங்கே போய்த் தனித்திருந்த புனிதர் குத்லாக்கின் வரலாற்றை 8ஆம் நூற்றாண்டில் ஃபீலிக்ஸ் என்ற துறவி லத்தீனில் எழுதினார். அந்த நூலில் ஃபென்ஸ், கரிய நீரும் மூடுபனியும் நிறைந்த, பேய்கள் அலையும் இடமாக வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு பிரபுவும் அவரோடு பணம் போட்டவர்களும் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்மைடனைக் கொண்டு அந்தச் சதுப்பின் நீரை வடிக்க முனைந்தார்கள். அது யாருக்கும் பயன்படாத நிலம் என்பதே அப்போதும் சொல்லப்பட்ட நியாயம். அங்கே மீன் பிடித்தும் நாணல் அறுத்தும் பறவை வேட்டையாடியும் பிழைத்த மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை.

எழுத்துச் சான்று இப்படி ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது, அங்கே வாழ்ந்தவர்களின் கதையை மண்ணிலிருந்துதான் கேட்டறிய வேண்டும். கடந்த நூறாண்டுகளாக ஆய்வாளர்கள் செய்துவருவது அதைத்தான். அந்த ஆய்வுகளை ஒருசேரப் பார்த்தால் இரண்டு முடிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. சதுப்பு, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் ஒதுங்கிய மூலை அல்ல. மனிதர்கள் விரும்பித் தேர்ந்து, வளமாக வாழ்ந்த இடம். இதற்கான சான்றுகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துத் தந்தது அங்கிருந்த நீர். அந்த நீர் போனால் சான்றுகளும் போய்விடும்.

நிலம் உருவான கதை

ஃபென்ஸின் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். நேன், ஊஸ், வெல்லண்ட், விதம் ஆகிய ஆறுகள் அதன் வழியாகப் பாய்ந்து வாஷ் என்ற விரிகுடாவில் கலக்கின்றன. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர உயர, ஆற்று நீர் வடிய வழியின்றித் தேங்கியது. முன்பு அங்கே ஓக் காடுகள் இருந்தன. காட்டு மரங்கள் நீரில் நின்று செத்துச் சாய்ந்தன. அவற்றின்மேல் நாணலும் கோரையும் பாசியும் வளர்ந்து, செத்து, முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தன. இப்படிச் சேர்ந்த கறுப்பு மண்ணைத்தான் பீட் என்கிறார்கள். இன்றும் அந்த வட்டாரத்து உழவர்களின் கலப்பையில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான ஓக் மரங்கள் தட்டுப்படுவது உண்டு.

இந்த வரலாற்றை முறையாக ஆராய 1932இல் கேம்பிரிட்ஜில் ஃபென்லண்ட் ஆய்வுக்குழு தொடங்கப்பட்டது. தாவரவியலாளர் ஹாரி காட்வினும் தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க்கும் அதில் இருந்தார்கள். மகரந்தத் தூளின் மேலோடு மிக உறுதியானது. காற்றுப் புகாத ஈரமண்ணில் அழியாமல் கிடக்கும். பீட் அடுக்குகளை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எந்தச் செடியின் மகரந்தம் எவ்வளவு இருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணினார்கள். மர மகரந்தம் குறைந்து புல், தானிய மகரந்தம் ஏறும் இடத்தில் காடு அழிந்து வயலும் மேய்ச்சலும் வந்தன என்று அறியலாம். ஒரு கத்தி கிடைத்தால் அதன் அழகைப் பேசிவிட்டுப் போகாமல், அது கிடந்த அடுக்கின் காலத்தில் சுற்றிலும் என்ன வளர்ந்தது, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்கும் வழக்கம் அங்கே அப்படித்தான் வேரூன்றியது.

ஃபென்ஸில் வானிலிருந்து பார்த்தாலும் பழமை தெரியும். பழைய ஆற்றுப் படுகைகளை வண்டல் நிரப்பிவிட்டது. நீர் வடிந்ததும் சுற்றியுள்ள பீட் மண் சுருங்கித் தாழ்ந்தது, வண்டல் சுருங்கவில்லை. ஆகவே ஒருகாலத்தில் பள்ளமாக ஓடிய ஆறுகள் இன்று கறுப்பு வயல்களுக்கு நடுவே வெளிர்நிற மேடுகளாக நெளிந்து கிடக்கின்றன. மக்கள் எந்தக் கரையில் குடியேறினார்கள், எந்த வழியாகத் தோணி விட்டார்கள் என்று தேட இந்த மேடுகளே வரைபடம்.

ஈரம் எதைக் காக்கிறது

உலர்ந்த நிலத்தில் அகழும்போது கல்லும் பானையோடும் உலோகமும், சில இடங்களில் எலும்பும் கிடைக்கும். ஆனால் பழங்கால மனிதர் புழங்கியவற்றில் பெரும்பகுதி மரமும் நாரும் தோலும் துணியும்தான். வீடு, கூடை, கயிறு, ஏனம், ஆடை எல்லாம் மக்கிப் போய்விடுகின்றன. மிஞ்சியதை மட்டும் வைத்து ஒரு சமூகத்தை அளந்தால், மரத்தில் வாழ்ந்தவர்கள் ஏழைகளாகவும் கல்லில் கட்டியவர்கள் செல்வர்களாகவும் தோன்றிவிடுவார்கள்.

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. மக்கச் செய்யும் பூஞ்சைகளும் பெரும்பாலான நுண்ணுயிர்களும் அங்கே வேலை செய்ய முடியாது. அதனால் மரத்தில் கோடரி வெட்டிய தழும்புகூட அப்படியே நிற்கிறது. எல்லாச் சதுப்பும் ஒன்றுபோல் காப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைநீரை மட்டும் நம்பிய அமிலச் சதுப்பில் தோல் பதப்படும், எலும்பு கரையும். 1984இல் செஷையரில் கிடைத்த ‘லிண்டோ மனிதர்’ அப்படித்தான் தோலும் முகமுமாகக் கிடைத்தார். ஆற்றுநீர் சுண்ணாம்புச் சத்தோடு வந்து தேங்கிய இடங்களில் எலும்பும் மரமும் சேர்ந்தே தப்பிக்கின்றன.

மரம் கிடைத்தால் காலமும் கிடைக்கும். இங்கிலாந்தின் மேற்கே சாமர்செட் சதுப்பில் 1970இல் பீட் வெட்டிக்கொண்டிருந்த ரே ஸ்வீட் என்பவர் ஒரு பலகையைக் கண்டார். தொடர்ந்து அகழ்ந்தபோது, சேற்றின் குறுக்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட மரப் பாதை வெளிப்பட்டது. அதன் மரங்கள் கி.மு. 3807-3806 குளிர்காலத்தையொட்டி வெட்டப்பட்டவை என்று மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிய கணக்கு காட்டியது. எழுத்தே அறியாத ஒரு சமூகத்தின் வேலையை ஒரு குளிர்காலம் வரை குறுக்கிச் சொல்ல முடிகிறது என்றால், அது நீர் தந்த கொடை.

அறுபதாயிரம் கம்பங்கள்

1970களில் தொல்லியலாளர் ஃபிரான்சிஸ் பிரையர், பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் ஃபெங்கேட் என்ற இடத்தை அகழ்ந்தார். சதுப்பின் ஓரத்தில் வெண்கலக் காலத்து வயல் வரப்புகளும், அவற்றுக்கிடையே சதுப்பை நோக்கி ஓடும் தடங்களும் வெளிப்பட்டன. பிரையர் தாமே ஆடு வளர்ப்பவர். அந்தத் தடங்கள் கால்நடைகளை ஓட்டிச் செல்லப் போட்டவை என்று அவர் விளக்கினார். குளிர்காலத்தில் மேட்டில் கட்டி, கோடையில் வெள்ளம் வடிந்த சதுப்பின் பசும்புல்லில் மேயவிடுவது அந்த வாழ்க்கையின் முறை. வெள்ளம் அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து புல்லை வளர்த்தது.

1982இல் அதே பிரையர் ஒரு வடிகால் கரையில் வெட்டிய மரத்துண்டு ஒன்றைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் ஃப்ளாக் ஃபென் அகழாய்வு. ஃபெங்கேட்டையும் எதிரேயிருந்த நார்த்தே என்ற திட்டையும் இணைத்து, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்து வரிசைகளாக 60,000க்கு மேற்பட்ட கம்பங்கள் நடப்பட்டிருந்தன. கி.மு. 1300 முதல் 900 வரை, ஏறக்குறைய 400 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக மக்கள் புதுக் கம்பம் நட்டு அதைப் பேணியிருக்கிறார்கள். கம்ப வரிசையை ஒட்டி வாள், ஈட்டிமுனை, ஊசி, நகைகள் என்று நூற்றுக்கணக்கான உலோகப் பொருள்கள் கிடைத்தன. பல பொருள்கள் வேண்டுமென்றே வளைத்தும் முறித்தும் நீரில் இடப்பட்டவை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீரில் பொருளை இடுவது முன்னோருக்கோ தெய்வத்துக்கோ செய்த படையல் என்று பிரையர் முதலானோர் கருதுகிறார்கள். ஏறிவரும் வெள்ளத்தைக் கடக்கும் பாதை என்றும், மேய்ச்சல் நிலத்தின் எல்லை காட்டும் அரண் என்றும் பிறர் சொல்வது உண்டு. மூன்றும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் நடக்கும் பாதையே எல்லையாகவும் வழிபடும் இடமாகவும் இருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். மையமான செய்தி வேறு. நானூறு ஆண்டுகள் ஒரே கட்டுமானத்தைப் பேண, மரம் வெட்டவும் சுமக்கவும் நடவும் ஊர்கள் கூடி உழைத்திருக்க வேண்டும். சிதறிப் பிழைத்த ஏதிலிகளால் ஆகிற காரியம் அல்ல இது.

எரிந்து விழுந்த ஊர்

ஃப்ளாக் ஃபென்னிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், விட்டில்சி ஊரருகே, செங்கல்லுக்குக் களிமண் எடுக்கும் பெரிய குழி உண்டு. மஸ்ட் ஃபார்ம் என்ற அந்த இடத்தில் 1999இல் குழியின் ஓரத்தில் மரக் கம்பங்கள் துருத்திக்கொண்டு தெரிந்தன. நேன் ஆற்றின் பழைய கால்வாய் ஒன்று அங்கே புதைந்திருந்தது. அதே கால்வாயில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒன்பது தோணிகளும், தட்டி கட்டிய மீன் அடைப்புகளும், விலாங்கு பிடிக்கும் பின்னிய பறிகளும் அடுத்தடுத்துக் கிடைத்தன. தோணிகள் பல நூற்றாண்டு இடைவெளியில் செய்யப்பட்டவை. ஒரே ஆற்றில் தலைமுறைகள் மாறியும் தொழில் மாறவில்லை என்பதற்கு அவை சான்று.

கேம்பிரிட்ஜ் தொல்லியல் பிரிவு, மார்க் நைட் தலைமையில் 2015-16இல் அங்கே பெரும் அகழாய்வு நடத்தியது. கி.மு. 850ஐ ஒட்டி, மெதுவாக ஓடிய ஆற்றின்மேல் கம்பங்களை ஊன்றி, அவற்றின்மேல் வட்ட வீடுகளைக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் கம்பவேலி, வீடுகளுக்கிடையே மரப் பாலங்கள். ஊரின் ஒரு பாதியைப் பழைய மண்வெட்டு அழித்துவிட்டது. மீதியில் வீடுகளின் அடித்தளங்கள் தெளிவாகத் தெரிந்தன. கட்டியபின் ஓராண்டு நிறையும் முன்போ, நிறையும் வேளையிலோ ஊர் முழுதும் தீப்பற்றி எரிந்தது. தளம் சரிந்து, வீட்டுப் பொருள்கள் எல்லாம் நேரே கீழே ஆற்றுச் சேற்றில் விழுந்து புதைந்தன. சேறு தீயை அணைத்தது. நீர் மூடிக் காத்தது.

ஓராண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கட்டும்போது செதுக்கிய மரச்சிராய்கள் ஆற்றின் அடியில் கிடந்தன. அதன்மேல் வீட்டிலிருந்து கொட்டிய கழிவு மெல்லிய அடுக்காக மட்டுமே இருந்தது. உடனே அதன்மேல் கரிந்த இடிபாடு. கம்பங்கள் பச்சை மரமாகவே, உலராத நிலையிலேயே, எரிந்திருந்தன. கிடைத்த ஆட்டுக்குட்டிகளின் எலும்பு வளர்ச்சி, 3 முதல் 6 மாத வயதைக் காட்டியது. வசந்தத்தில் பிறக்கும் குட்டிகள் என்பதால் தீ கோடைக் கடைசியிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ பிடித்திருக்க வேண்டும். அடுக்கும் மரமும் எலும்பும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல, காலம் இப்படி நெருங்கிவருகிறது.

வீட்டுக்குள் இருந்தவை இன்னும் வியப்பானவை. மரப் பொருள்கள் ஏறத்தாழ 200; நார், நூல், துணி வகை 150க்கு மேல்; பானைகள் 128; உலோகக் கருவிகள் 90க்கு மேல். கோடரி, அரிவாள், நகவுளி, சவரக் கத்தி என்று வீட்டுக்கு வீடு ஒரே மாதிரித் தொகுதி. முதல் வீட்டின் தளம் ஏறத்தாழ 50 சதுர மீட்டர். அதன் வடகிழக்குப் பக்கத்தில் பானைகளும் மர ஏனங்களும் குவிந்திருந்தன. வடமேற்கில் பொருள்கள் அரிது. அது படுக்குமிடமாக இருந்திருக்கும். பானைகளில் சில ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில் செய்யப்பட்டவை. தோணியில் ஏற்றவும் குறுகிய வீட்டில் அடுக்கவும் தோதாகச் செய்தவர்களின் கைப்பழக்கம் அதில் தெரிகிறது.

ஒரு கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதில் கோதுமையில் காய்ச்சிய கூழ் இருந்தது. கிளறிய மரத் துடுப்பு கூழுக்குள்ளேயே செருகியிருந்தது. வேதியியல் ஆய்வில் கூழில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது தெரிந்தது. வேறு பானைகளில் மான் இறைச்சியும் தேனும் சேர்ந்த தடயம் கிடைத்தது. ஊரில் எரிந்து செத்த மனிதர் யாரும் இல்லை, தப்பிவிட்டார்கள். ஆனால் சமைத்ததைச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து பொருள்களை எடுக்கவும் இல்லை.

லைம் மரப்பட்டை நாரிலும் ஆளி நூலிலும் நெய்த துணிகள் கரிந்தும் குலையாமல் கிடைத்தன. தக்களியில் சுற்றிய நூலும், நெய்யும்போது பாவு நூலை இழுத்துப்பிடிக்கும் மண் குண்டுகளும் சேர்ந்தே கிடைத்ததால், நார் துணியாகும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்க முடிந்தது. கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அவற்றில் பலவற்றின் கண்ணாடி ஈரான் உள்ளிட்ட கிழக்கு நாடுகளில் உருக்கியது என்று வேதியியல் ஆய்வு காட்டுகிறது. கைமாறிக் கைமாறி வந்திருந்தாலும், சதுப்பு ஊர் உலகத்தோடு தொடர்பு அறுந்த தீவு அல்ல என்பது உறுதி. கிட்டத்தட்ட 1 மீட்டர் விட்டமுள்ள மரச் சக்கரமும் அங்கே கிடைத்தது. நீரின்மேல் வாழ்ந்தவர்களுக்குச் சக்கரம் எதற்கு? மேட்டில் அவர்களுக்கு வயலும் மந்தையும் வண்டிப் பாதையும் இருந்தன. வீடு ஆற்றில், விளைச்சல் கரையில்.

இந்த வாழ்க்கைக்கு விலையும் இருந்தது. ஊரின் கழிவில் மனித, நாய் மலக்கட்டிகள் கிடைத்தன. பியர்ஸ் மிட்செல், மரிசா லெட்ஜர் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் மீன் நாடாப்புழுவின் முட்டைகளும் பெரிய சிறுநீரகப் புழுவின் முட்டைகளும் காணப்பட்டதைப் பதிவு செய்தார்கள். வேகாத மீனும் நீர்வாழ் உயிரும் தின்றால் வரும் தொற்று இவை. மீன் நாடாப்புழு 10 மீட்டர் வரை, சிறுநீரகப் புழு 1 மீட்டர் வரை வளரும். மனிதருக்கும் நாய்க்கும் ஒரே வகைத் தொற்று இருந்ததால், மிச்சச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டார்கள் என்று ஊகிக்கலாம். பளபளக்கும் வாளைவிட இந்த மலக்கட்டி மக்களின் உடலைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வாழ்பவர்களிடம் கேட்டது

நீர் எதையும் காக்காத சதுப்பும் உண்டு. தெற்கு ஈராக்கில் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் சதுப்பில் சுமேரியர் காலத்து நகரமான லகாஷ் இருந்தது. இன்று அது அல்-ஹிபா மேடு. அங்கே நாணல் வீடுகள் மறைந்துபோய், மண்ணும் செங்கலுமே மிஞ்சின. அங்கே அகழாய்வுக்குப் போன எட்வர்ட் ஆக்சன்ஷ்லாகர் 1968 முதல் சுற்றுவட்டாரச் சதுப்பு மக்களின் அன்றாட வேலையைக் கூர்ந்து கவனித்துப் பதிந்தார். களிமண்ணில் எந்தச் சாமானை யார் செய்கிறார்கள், எத்தனை நாள் புழங்குகிறது, உடைந்தால் எங்கே எறிகிறார்கள் என்பன அவர் கேட்ட கேள்விகள். அந்தப் பதிவு, பழைய மேட்டில் கிடைத்ததைப் படிக்கத் துணையானது. 5,000 ஆண்டுகளுக்கு முன் ஊருக் நகரத்தில் செய்த கல் தொட்டியில் செதுக்கிய நாணல் குடிலும், இன்றைய சதுப்பு மக்களின் நாணல் வீடும் பார்வைக்கு உறவுடையவை. ஆனால் உருவ ஒற்றுமையை வைத்து இன்றைய மக்களைப் பழங்காலத்தின் எச்சமாகக் கருதுவது தவறு. அவர்களும் தம் வரலாற்றில் மாறிவந்தவர்கள். ஒப்பீடு கேள்வி கேட்க உதவும், விடையாகிவிடாது.

அண்மையில் எமிலி ஹேமர் ட்ரோன் படங்களையும் காந்தப்புல அளவையையும் கொண்டு லகாஷை ஆராய்ந்தார். நீர்வழிகளால் பிரிந்த தனித்தனிப் பகுதிகளாக அந்த நகரம் இருந்தது என்று 2022இல் எழுதினார். ஒரே சுவருக்குள் அடங்கிய நகரம் என்ற வழக்கமான படத்தோடு இது பொருந்தவில்லை. நீர் நடுவே நகரம் எப்படி எழும் என்ற கேள்வியை இனி புதிதாகக் கேட்க வேண்டும்.

எச்சரிக்கையோடு எடுக்க வேண்டியவை

மஸ்ட் ஃபார்ம் தருவது ஓராண்டின் காட்சி. அது அந்தக் காலத்து எல்லா ஊருக்கும் பொதுவானதா, வசதி மிக்க ஓர் ஊருக்கு மட்டும் உரியதா என்று ஒரே களத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. சிறப்பாகக் காக்கப்பட்ட இடமே சிறந்த இடம் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. மேலும், இந்தச் சான்றுகள் வெளிப்பட்டது களிமண் குழியாலும் பீட் வெட்டாலும் வடிகாலாலும். அழிவின் ஓரத்தில்தான் கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது. எங்கே தோண்டினார்களோ அங்கேயே ஊர்கள் இருந்ததாக வரைபடம் காட்டும். தோண்டாத இடம் வெறுமையாகத் தோன்றும்.

வறளும் சான்று

இன்றைய பெருங்கவலை நீர் குறைவது. வடித்த பீட் மண்ணில் காற்றுப் புகுந்ததும் அது மக்கத் தொடங்குகிறது. காற்றும் அதை அள்ளிச் செல்கிறது. ஃபென்ஸின் ஹோம் ஃபென் என்ற பகுதியில் 1851இல் நிலமட்டத்தோடு சமமாக ஊன்றிய இரும்புக் கம்பம் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்த 4 மீட்டர் மண்ணோடு எத்தனை ஊர்களின் தடயங்கள் போயினவோ! யார்க்‌ஷையரின் ஸ்டார் கார், பழைய ஏரிக்கரையில் அமைந்த பதினோராயிரம் ஆண்டுப் பழமையான களம். 1949-51இல் கிளார்க் அகழ்ந்தபோது எலும்பும் கொம்பும் உறுதியாகக் கிடைத்தன. இந்த நூற்றாண்டில் மீண்டும் அகழ்ந்தவர்கள், மண் உலர்ந்து அமிலமேறி, எலும்புகளில் சில கூழாக நெகிழ்ந்துவிட்டதைக் கண்டார்கள். ஃப்ளாக் ஃபென்னில் மரம் உலராமலிருக்க, களத்தின் ஒரு பகுதிமேல் செயற்கைக் குளமே வெட்டி நீர் நிறுத்தினார்கள். எடுத்த மரத்தைப் பதப்படுத்த ஆண்டுகள் ஆகின்றன, செலவும் அதிகம். எடுக்காமல் ஈரத்திலேயே விட்டுவைப்பதே பல இடங்களில் சிறந்த பாதுகாப்பு.

இந்தப் பாடம் நமக்கும் உரியது. பெரியாற்றின் கழிமுகத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007இல் நடந்த அகழாய்வில், நீர் ஊறிய மண்ணில் அயனி மரத்தால் செய்த 6 மீட்டர் நீளத் தோணி ஒன்று கிடைத்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் கீழையூரில் 1960களில் வெளிப்பட்ட படகுத்துறையிலும் மரக் கம்பங்கள் இருந்தன. நம் கழிமுகங்களிலும் மரம் பேசும் என்பதற்கு இவை போதும். கடற்கரைக் கழிகளிலும் ஆற்றுச் சதுப்பிலும் சாலையோ கட்டடமோ வடிகாலோ எழுப்பும் முன், அங்கே தொல்லியல் ஆய்வு நடத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். அகழும் குழுவில் தாவரவியலாளரும் மரம் பதப்படுத்துவோரும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். சதுப்பில் நீரைத் தங்கவிடுவது பறவைக்கும் மீனுக்கும் மட்டும் செய்யும் உதவி அல்ல. அங்கே வாழ்ந்தவர்களின் வரலாற்றைக் காக்கும் வேலையும் அதுவே.